மீன்கள் ஒவ்வொன்றாக மெலிந்து சாகின்றன: மீன் காசநோயா?

கேள்வி சுருக்கமாக இதுதான். நன்னீர்த் தொட்டி ஒன்றில் சில மாதங்களாகக் கௌரமியும் நியான் டெட்ராவும் ஒவ்வொன்றாக மெலிந்து சாகின்றன. ஒன்றுக்கு முதுகு வளைந்துவிட்டது. இன்னொன்றுக்கு விலாவில் ஆறாத புண். ஆன்டிபயாடிக் இரண்டு வகை போட்டும் பலனில்லை. ‘இது மீன் காசநோய், தொட்டியையே தூக்கிப் போடுங்கள், வீட்டில் குழந்தை இருக்கிறது’ என்று யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள். அது உண்மையா, மருந்து உண்டா, நமக்குத் தொற்றுமா, தொட்டியை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

எல்லாவற்றுக்கும் முன்பு, அந்த மருந்துகளை இன்றோடு நிறுத்துங்கள். நோய் எதுவென்று தெரியாமல் தொட்டியில் ஆன்டிபயாடிக் ஊற்றுவதால் வடிகட்டியில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் சாகும், அம்மோனியா ஏறும், இருக்கும் மீனும் தளர்ந்துபோகும். நீங்கள் சந்தேகப்படும் கிருமிக்கு மட்டும் அதனால் ஒன்றும் ஆகாது. ஏன் ஆகாது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

மைக்கோபாக்டீரியம் என்ற பேரினத்தில் 150க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. மனிதருக்குக் காசநோய் தருவது அதில் ஒன்று. தொழுநோய் தருவது இன்னொன்று. பெரும்பாலானவை யாரையும் தொந்தரவு செய்யாமல் மண்ணிலும் நீரிலும் காலம் தள்ளுபவை. மீன்களைத் தாக்குபவற்றில் அடிக்கடி அகப்படுவது மைக்கோபாக்டீரியம் மரினம். அடுத்தபடியாக ஃபார்ச்சூட்டம், செலோனே. ஆய்வுக்கூடங்களில் வளர்க்கும் வரிக்குதிரை மீன்களில் ஹீமோஃபிலம் என்ற இனம் கொத்துக் கொத்தாகச் சாவை உண்டாக்கியிருக்கிறது. ஆக, உங்கள் மீனுக்கு வந்திருப்பது மனிதர் இருமிப் பரப்பும் காசநோய் அல்ல. அதன் பங்காளிகளில் ஒன்றாக இருக்கலாம்.

‘இருக்கலாம்’ என்று இழுப்பதற்குக் காரணம் இருக்கிறது. இந்த நோய்க்கென்று தனி முகம் கிடையாது. பசியின்மை, மெலிவு, நிறம் மங்குதல், கூட்டத்தை விட்டு ஒதுங்கி ஒரு மூலையில் நிற்பது, செதில் உதிர்வது, துடுப்பு அரிப்பு, கண் பிதுங்கல், வயிற்று வீக்கம், தோல் புண், முதுகெலும்பு வளைவு என்று எது வேண்டுமானாலும் வரும். எதுவுமே வராமல் ஒரு நாள் காலையில் செத்தும் கிடக்கும். மெலிவு மட்டும் சற்று அடையாளம் சொல்லும். மேலிருந்து பார்த்தால் தலை பெரிதாகவும் முதுகு கத்தி விளிம்பு போலக் கூர்ந்தும் தெரியும். தலைக்குப் பின்னால் சதை குழிந்திருக்கும். இரை போட்டால் ஓடி வந்து வாயில் வாங்கித் துப்பிவிட்டுப் போகும்.

அறிகுறிகளைவிட நான் அதிகம் நம்புவது சாவின் வேகத்தை. நீர் கெட்டால் ஒரே இரவில் தொட்டி காலியாகும். கொலம்னாரிஸ் போன்ற வேகமான பாக்டீரியா நோய் என்றால் இரண்டு மூன்று நாளில் பாதி மீன் போய்விடும். மைக்கோபாக்டீரியம் அப்படிப் பாய்வதில்லை. இரண்டு வாரத்துக்கு ஒன்று, மாதத்துக்கு ஒன்று என்று வயதான மீன்களையும் நலிந்த மீன்களையும் முதலில் எடுத்துக்கொண்டு போகும். நடுவில் நீர் மாற்றினாலும் மருந்து போட்டாலும் அந்தக் கணக்கு மாறாது. நீங்கள் சொல்லும் ‘சில மாதங்களாக ஒவ்வொன்றாக’ என்பது இந்தப் போக்கோடு பொருந்துகிறது. ஆகவே உங்களுக்குச் சொன்னவர் வெறும் கற்பனையில் சொல்லிவிடவில்லை.

ஆனாலும் இதே வேடத்தில் வேறு சிலவும் வரும். நியான் டெட்ராவில் நிறம் திட்டுத் திட்டாக வெளுத்து முதுகு வளைந்தால், தசையில் குடியேறும் பிளிஸ்டோஃபோரா என்ற நுண்ணிய ஒட்டுண்ணியாக இருக்க வாய்ப்பு அதிகம். ‘நியான் நோய்’ என்று வளர்ப்போர் சொல்வது அதைத்தான். குள்ளக் கௌரமிக்கு இரிடோவைரஸ் என்று ஒரு வைரஸ் நோய் இருக்கிறது. அதிலும் புண், மெலிவு, வயிற்று வீக்கம் உண்டு. குடல் புழு இருந்தாலும் மீன் மெலியும். கமலானஸ் புழுவாக இருந்தால் மலவாயில் சிவப்பு நூல் நுனி நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். முதுகு வளைவுக்கு வைட்டமின் சி குறைபாடு, பிறவிக் கோளாறு, முதுமை என்று பல காரணங்கள். நோகார்டியா என்ற இன்னொரு பாக்டீரியா உறுப்புகளுக்குள் இதே மாதிரிக் கட்டிகளை உண்டாக்கி, நிபுணர்களையே குழப்பும். வெறும் புகைப்படத்தைப் பார்த்துவிட்டு ‘மீன் காசநோய்தான்’ என்று அடித்துச் சொல்பவரை நம்பாதீர்கள். ‘இல்லவே இல்லை’ என்பவரையும்தான்.

உறுதியாகத் தெரிய வேண்டுமானால் ஒரு மீனைத் திறந்து பார்க்க வேண்டும். சாகும் நிலையில் இருக்கும் மீன்தான் இதற்கு ஏற்றது. செத்து ஊறிய மீனால் பயனில்லை. உறைய வைத்தால் திசு சிதைந்துவிடும். ஐஸ் மேல் வைத்து அன்றே கால்நடை மருத்துவரிடமோ மீன் நோய் ஆய்வுக்கூடத்திலோ சேர்ப்பது நல்லது. கையுறை போட்டுக்கொண்டு மலவாயிலிருந்து செவுள் வரை கத்தரித்து வயிற்றுச் சுவரை விலக்கினால் முதலில் நான் தேடுவது மண்ணீரலை. நலமான மீனில் அது வழுவழுப்பான கருஞ்சிவப்புத் துணுக்கு. நோய் முற்றிய மீனில் வீங்கி, ரவையைத் தூவியது போல வெண்மணிகள் நிறைந்திருக்கும். பிறகு கல்லீரல், பிறகு முதுகெலும்பை ஒட்டி நீண்டு கிடக்கும் சிறுநீரகம். கண்ணுக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும் மண்ணீரலில் கடுகளவு கிள்ளி, இரண்டு கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே நசுக்கி நுண்ணோக்கியில் வைத்தால் வட்ட வட்டமான கட்டிகள் தெரியும். விளிம்பில் அடுக்கடுக்காகச் செல்கள், நடுவே பழுப்பேறிய சிதைவு. கிரானுலோமா என்பது இதுதான்.

இதையே சீல்-நீல்சன் முறையில் சாயமேற்றினால் நீலப் பின்னணியில் சிவப்புக் குச்சிகளாகக் கிருமி தென்படும். மற்ற பாக்டீரியாக்கள் அமிலம் கலந்த ஆல்கஹாலில் கழுவியதும் சிவப்புச் சாயத்தை விட்டுவிடும். மைக்கோபாக்டீரியத்தின் செல் சுவரில் மைக்காலிக் அமிலம் என்ற மெழுகு போன்ற கொழுப்பு இருப்பதால் அது பிடித்த சாயத்தை விடாது. இந்த மெழுகுச் சுவரை நினைவில் வையுங்கள்; இந்த நோயின் பாதித் தொல்லைகள் அதிலிருந்துதான் கிளம்புகின்றன. மனிதக் காசநோய்க்கு மருத்துவமனையில் சளியைச் சோதிக்கும் முறைகளிலும் இதே சாயம் உண்டு.

சாயச் சோதனை ‘மைக்கோபாக்டீரியம் வகை’ என்பது வரை சொல்லும். எந்த இனம் என்று அறியக் கிருமியை வளர்க்க வேண்டும், அல்லது பி.சி.ஆர். செய்து மரபணு வரிசையைப் படிக்க வேண்டும். மரினத்தை 30 டிகிரியில் வளர்த்தால் கண்ணுக்குத் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகலாம். இருட்டில் வளரும்போது வெளிறிக் கிடக்கும் அதன் திட்டுகள் வெளிச்சம் பட்டதும் எலுமிச்சை மஞ்சளாக மாறும். கையில் எடுத்துப் பார்க்கும்போது சலிக்காத காட்சிகளில் இது ஒன்று. அழகுக்காக மட்டும் சொல்லவில்லை. இனத்தை அடையாளம் காண உதவும் குணங்களில் இதுவும் உண்டு. வீட்டுத் தொட்டிக்கு அவ்வளவு தூரம் போக வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. கட்டியும் சிவப்புக் குச்சியும் தெரிந்துவிட்டால் முடிவெடுக்க அது போதும்.

இந்தக் கிருமி உங்கள் தொட்டிக்குள் எப்படி வந்தது என்று தேடி மனம் நோகாதீர்கள். மீனோடும், செடியோடும், உயிர் இரையோடும் வரும். குழாய் நீரிலும் இதன் உறவினங்கள் இருக்கும், ஏனென்றால் குடிநீரில் கலக்கும் குளோரினை இவை தாங்கும். வடிகட்டிப் பஞ்சிலும் கண்ணாடியிலும் படியும் வழுவழுப்பான படலத்தில் இவற்றுக்கு நல்ல குடியிருப்பு. அந்தப் படலத்தை மேயும் அமீபாக்கள் இவற்றை விழுங்கினாலும் செரிக்க முடியாமல் உள்ளேயே வைத்துக்கொண்டு சுற்றுகின்றன. நலமான மீன்கள் துள்ளித் திரியும் தொட்டிகளிலும் தேடினால் மைக்கோபாக்டீரியம் அகப்படும். என் கருத்தில், ‘தொட்டியில் கிருமி இருக்கிறதா’ என்பது தவறான கேள்வி. இருக்கும். கிருமியோடு ஒத்துப்போன மீன் ஏன் இப்போது தோற்கிறது என்பதுதான் கேட்க வேண்டியது. நெரிசல், அடியில் மக்கும் இரை, குறைந்த ஆக்சிஜன், மாதக்கணக்கில் நீர் மாற்றாமல் அமிலமேறிப்போன தண்ணீர், ஓயாத சண்டை, பயணக் களைப்பு என்று பதில் அநேகமாக இந்தப் பட்டியலுக்குள் அடங்கிவிடும்.

மீனிலிருந்து மீனுக்குப் பரவும் முக்கிய வழி வாய். செத்த மீனை மற்றவை கொத்தித் தின்னும். நோயுற்ற மீனின் மலமும் புண்ணிலிருந்து உதிர்வதும் இரையோடு உள்ளே போகும். இதற்கு ஒரு பழைய சான்று உண்டு. அமெரிக்காவின் பசிபிக் கரையோரச் சால்மன் குஞ்சு பொரிப்பகங்களில் 1950களில் குஞ்சுகளுக்குப் பச்சை மீன் கழிவையே அரைத்து ஊட்டினார்கள்; மைக்கோபாக்டீரிய நோய் பரவிக் கிடந்தது. அந்தத் தீவனத்தைச் சூடாக்கிக் கொடுக்கத் தொடங்கியதும் நோய் அடங்கிவிட்டது. மீன்களுக்கு ஒரு மருந்தும் தேவைப்படவில்லை. தோல் காயம் வழியாகவும் கிருமி நுழையும். கப்பி போன்ற குட்டி போடும் மீன்களில் தாயிடமிருந்து குட்டிக்குப் போவதாகவும் பதிவுகள் உண்டு. செத்த மீனைக் கண்ட உடனே எடுத்துவிடுங்கள் என்று மீன் மருத்துவர்கள் ஓயாமல் நச்சரிப்பதற்கு இதுவே காரணம்.

உள்ளே போன கிருமி என்ன செய்கிறது என்பது இந்த நோயில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். உடலுக்குள் நுழையும் பாக்டீரியாவை விழுங்கிச் செரிப்பது மேக்ரோபேஜ் என்ற வெள்ளணுவின் வேலை. மைக்கோபாக்டீரியத்தையும் அது விழுங்கும், செரிக்கத்தான் முடியாது. கிருமி அந்த அணுவுக்குள்ளேயே தங்கிப் பெருகும். அதைச் சுற்றி மேலும் மேலும் வெள்ளணுக்கள் வந்து அடுக்கிக் கட்டியாகும். இந்தக் கட்டி கிருமிக்கு உடல் கட்டும் சிறை என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். வரிக்குதிரை மீனின் இளம்பருவக் குஞ்சு கண்ணாடி போல ஒளி ஊடுருவும் உடல் கொண்டது. அதற்கு மரினத்தைச் செலுத்தினால் உயிரோடு இருக்கும்போதே உள்ளே நடப்பதை நுண்ணோக்கியில் பார்க்கலாம். காசநோய் ஆய்வாளர் லலிதா ராமகிருஷ்ணனின் குழு அப்படிப் பார்த்துக்கொண்டே இருந்தது. தொற்றின் தொடக்கத்தில், கட்டிக்குள் சாகும் அணுவைத் துப்புரவு செய்ய வரும் புதிய மேக்ரோபேஜ்கள் அதற்குள் இருந்த கிருமியையும் விழுங்கி, தாங்களும் அதன் வீடாகிவிடுகின்றன. அவற்றில் சில வெளியேறி வேறிடத்தில் புதுக் கட்டியைத் தொடங்குகின்றன. அந்தச் சிறையே கிருமி பெருகும் இடமாகவும் இருக்கிறது என்று 2009இல் அக்குழு வெளியிட்டது, மனிதக் காசநோயைப் புரிந்துகொள்வதிலும் பெரிய திருப்பம். மரினம் மனிதக் காசநோய்க் கிருமிக்கு மிக நெருங்கிய உறவு என்பதாலும், பாதுகாப்பாகக் கையாளக்கூடியது என்பதாலும், உலகின் பல காசநோய் ஆய்வுக்கூடங்களில் இன்று மீன் தொட்டிகள் வரிசையாக நிற்கின்றன.

இப்போது மருந்து ஏன் பலிக்கவில்லை என்பது புரியும். கிருமிக்கு மெழுகுச் சுவர். அது ஒளிந்திருப்பது மீனின் சொந்த அணுவுக்குள். அந்த அணுவைச் சுற்றித் தடித்த கட்டி. கட்டியின் நடுவே இரத்த ஓட்டமே இல்லை. அதோடு கிருமி மெல்லப் பெருகுவது. பெருகும் நேரத்தில் தாக்கும் மருந்துகளுக்கு அது அரிதாகத்தான் அகப்படும். மனிதரிலேயே காசநோய்க்குப் பல மருந்துகளை ஆறு மாதம் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. தண்ணீரில் ஒரு வாரம் கரைத்து ஊற்றுவது எந்த மூலைக்கு? கானமைசின், ரிஃபாம்பிசின் போன்றவற்றை இரையில் கலந்து மாதக்கணக்கில் கொடுத்துப் பார்த்தவர்கள் உண்டு. சில மீன்கள் தேறியது போலத் தெரியும், கிருமி உள்ளேயே இருக்கும், நிறுத்தினால் திரும்பி வரும். இதற்கிடையில் மனிதக் காசநோய்க்கு நாம் நம்பியிருக்கும் மருந்துகளுக்கு எதிராகத் தொட்டியில் கிருமிகளைப் பழக்கிக்கொண்டிருப்போம். அரிய இனப்பெருக்க மீன் ஒன்றைக் காப்பாற்ற ஒரு மருத்துவர் மேற்பார்வையில் முயன்றால் அது வேறு கதை. வீட்டுத் தொட்டிக்கு வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. நம்பத்தக்க தடுப்பூசியும் கிடையாது.

அப்படியென்றால் தொட்டியைத் தூக்கிப் போடுவதா? மீன் பண்ணைக்கும் இனப்பெருக்கம் செய்து விற்பவருக்கும் பெரும்பாலும் ஆம்: எல்லா மீன்களையும் அகற்றி, கிருமி நீக்கி, சுத்தமான இடத்திலிருந்து மீன் வாங்கி மறுபடி தொடங்குவதே வழி. வீட்டில் ஒரே தொட்டி வைத்திருப்பவருக்கு நான் அப்படிச் சொல்வதில்லை. மெலிந்த மீனையும் புண் உள்ள மீனையும் உடனே அகற்றுங்கள். அவை தேறப்போவதில்லை, அவற்றிலிருந்துதான் கிருமி கொட்டுகிறது. கருணைக் கொலைக்குக் கிராம்பு எண்ணெயைச் சிறிது நீரில் நன்றாகக் குலுக்கிக் கரைத்து, மீன் இருக்கும் சிறு பாத்திரத்தில் தாராளமாகச் சேருங்கள். செவுள் அசைவு நின்ற பிறகும் குறைந்தது 10 நிமிடம் அப்படியே விட்டுவிட வேண்டும். மீதி மீன்களின் எண்ணிக்கையைத் தொட்டி தாங்கும் அளவுக்கு வையுங்கள், அடிமண்ணை உறிஞ்சிச் சுத்தம் செய்யுங்கள், நீரை ஒழுங்காக மாற்றுங்கள், நல்ல தீவனம் கொடுங்கள். புற ஊதா விளக்கு பொருத்தினால் நீரில் மிதக்கும் கிருமி குறையும். படலத்தில் இருப்பதை அது தொடாது. இந்தத் தொட்டிக்குள் புது மீன் எதையும் விடாதீர்கள். இதிலிருந்து எதையும் வெளியே கொடுக்காதீர்கள். மீதி மீன்கள் ஆண்டுக்கணக்கில் நன்றாகவே வாழ்ந்து முடிக்கலாம். இயற்கையிலும் இப்படித்தான். அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் ஸ்ட்ரைப்டு பாஸ் மீன்களில் இந்த நோயை 1997இல் கண்டார்கள். பிறகு வந்த ஆய்வுகளில் ஏறக்குறைய பாதி மீன்களில் தொற்று இருந்தது. அதற்காக விரிகுடாவில் மீன் அற்றுப்போய்விடவில்லை.

சாவு நிற்கவே இல்லை, அல்லது வீட்டில் நோய் எதிர்ப்பு குறைந்தவர் இருக்கிறார் என்றால் மட்டும் தொட்டியை முழுதாகக் கலைத்துவிடுங்கள். அப்போது கல், மணல், மரத்துண்டு, செடி, வடிகட்டிப் பஞ்சு, வலை எல்லாம் குப்பைக்கு. செடியைக் கிருமி நீக்கிக் காப்பாற்றலாம் என்று யாராவது சொன்னால், கிருமியைக் கொல்லும் அளவு மருந்து செடியையும் கொல்லும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியைத் தேய்த்துக் கழுவிப் படலத்தை முழுவதும் எடுத்த பிறகே கிருமிநாசினி. படலத்தின் மேல் தெளிப்பது வீண். கிருமிநாசினியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மரினத்தின் மீது பொதுவான கிருமிநாசினிகளைச் சோதித்துப் பார்த்ததில் 70 சதவீத எத்தில் ஆல்கஹால் ஒரு நிமிடத்தில் கொன்றது. குவாட்டர்னரி அம்மோனியம் வகைக் கிருமிநாசினி தோற்றது. ப்ளீச் பலிக்க, வீட்டில் துணிக்குப் போடும் சுமார் 5 சதவீதக் கரைசலை நீர்க்காமல் அப்படியே 10 நிமிடமாவது விட வேண்டியிருந்தது. வாளித் தண்ணீரில் ஒரு மூடி ப்ளீச் என்ற வழக்கமான கணக்கு இங்கே செல்லாது. ஆல்கஹால் தீப்பிடிக்கும், மின் இணைப்புகளைக் கழற்றிவிட்டு, சன்னல்களைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். ப்ளீச்சையும் ஆல்கஹாலையும் ஒருபோதும் கலக்காதீர்கள், நச்சு வாயு வரும். பிறகு அலசி, பல நாள் நன்றாகக் காயவிட்டு, புது வடிகட்டியோடு நீரைப் பக்குவப்படுத்துவதிலிருந்து தொடங்க வேண்டும்.

இனி உங்கள் வீட்டில் இருப்பவர்களைப் பற்றி. மரினம் மனிதருக்குத் தொற்றும். ஆனால் தோலில் காயமோ கீறலோ இருந்து, அதில் தொட்டி நீரோ மீனோ பட்டால்தான். காற்றில் பரவாது; ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போகாது; தொட்டி இருக்கும் அறையில் குழந்தை விளையாடுவதால் ஒன்றும் வராது. கிருமி செழித்து வளர்வது 30 முதல் 32 டிகிரியில். நம் உடலின் 37 டிகிரி அதற்கு ஒத்துக்கொள்வதில்லை. அதனால்தான் உடலின் குளிர்ந்த ஓரங்களான விரல், புறங்கை, முழங்கை ஆகியவற்றோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. மீனில் முதன்முதல் 1926இல் ஆரன்சன் என்ற ஆய்வாளர் ஃபிலடெல்ஃபியா மீன் காட்சியகத்துக் கடல் மீன்களில் இந்த இனத்தைக் கண்டபோது அது மனிதரையும் தாக்கும் என்று தெரியாது. 1951இல் சுவீடனில் ஒரு நீச்சல் குளத்தில் குளித்தவர்களின் சிராய்ப்புகளில் புண் கிளம்பியபோதுதான் தெரிந்தது. 1962இல் வீட்டு மீன் தொட்டியிலிருந்து வந்த புண்ணும் பதிவானது. குளங்களில் குளோரின் கலப்பது ஒழுங்கான பிறகு, இன்று வருபவற்றில் பெரும் பங்கு மீன் தொட்டியிலிருந்தும் மீன் கையாளும் வேலையிலிருந்தும்தான்.

பாதுகாப்பு எளிது. கையில் காயம் இருந்தால் தொட்டிக்குள் கை விடாதீர்கள். விட்டே ஆக வேண்டுமென்றால் முழங்கை வரை வரும் ரப்பர் கையுறை. குழாயில் வாய் வைத்து நீரை உறிஞ்சும் பழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள். வடிகட்டியைச் சமையல் பாத்திரம் கழுவும் இடத்தில் அலச வேண்டாம். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவுங்கள். தொட்டிக்குள் கைவிடும் வேலையைச் சிறு குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். வீட்டில் யாராவது உறுப்பு மாற்றச் சிகிச்சைக்குப் பின் மருந்து எடுப்பவராகவோ, முடக்குவாதத்துக்காக டி.என்.எஃப். தடுப்பான் என்ற, நோய் எதிர்ப்பைத் தணிக்கும் ஊசி போடுபவராகவோ இருந்தால், தொட்டி வேலையை அவர் தொடவே வேண்டாம். அவர்களிடம் இந்தத் தொற்று தோலோடு நிற்காமல் உள்ளே பரவக்கூடும்.

கையில் வந்துவிட்டால் எப்படித் தெரியும்? கிருமி பட்ட இரண்டு மூன்று வாரத்தில், சில நேரம் பல மாதம் கழித்து, பட்ட இடத்தில் சிவந்தோ ஊதா நிறமாகவோ ஒரு சிறு கட்டி. அதிகம் வலிக்காது. மெல்லப் பெரிதாகி மேலே செதிலாகும், அல்லது உடைந்து புண்ணாகும். சிலருக்கு நிணநீர்க் குழாய் வழியாக விரலிலிருந்து முன்கை வரை மணிகள் கோத்தது போல வரிசையாகக் கட்டிகள் கிளம்பும். பார்ப்பவர் மரு என்பார், பூச்சிக்கடி என்பார். ஸ்டீராய்டு களிம்பு கொடுப்பார். அதில் கிருமி இன்னும் வசதியாக வளரும். சரியான நோயறிதலுக்கு மாதக்கணக்கில் தாமதமாவது இந்தத் தொற்றின் வழக்கம். பெரும்பாலும் அதற்குக் காரணம் ‘வீட்டில் மீன் வளர்க்கிறேன்’ என்று நோயாளி சொல்லாததும் மருத்துவர் கேட்காததும்தான். ஆகவே நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள். திசு மாதிரி எடுத்தால் அதை 30 டிகிரியிலும் வளர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். வழக்கமான 37 டிகிரியில் மட்டும் வைத்தால் கிருமி வளராமல், சோதனையில் ஒன்றுமில்லை என்று வந்துவிடும். மனிதக் காசநோய்க்கான தோல் சோதனையும் இரத்தச் சோதனையும் மரினத்தாலேயே தொற்று இருப்பதாகக் காட்டலாம். அதைப் பார்த்து நுரையீரல் காசநோய் என்று பதற வேண்டாம்.

மனிதருக்கு இது குணமாகும் நோய். கிளாரித்ரோமைசினும் எத்தாம்புட்டாலும் சேர்த்து மூன்று நான்கு மாதம் கொடுப்பது பரவலான முறை. புண் ஆறிய பிறகும் ஒன்றிரண்டு மாதம் தொடர்வார்கள். தசைநாண், மூட்டு வரை போயிருந்தால் ரிஃபாம்பிசினும் சேரும், அறுவையும் தேவைப்படலாம். காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோனியாசிட், பைராசினமைடு இரண்டும் மரினத்திடம் செல்லாது. எனவே பழைய மாத்திரை எதையும் நீங்களாக எடுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

நன்றாக வேகவைத்த மீனைத் தின்பதால் இது வராது. அந்தப் பயம் வேண்டாம். செத்த வண்ண மீனைப் பூனைக்கோ வேறு மீனுக்கோ போடாமல், உறையில் கட்டிக் குப்பையில் சேருங்கள். தொட்டி நீரைக் கழிவறையில் ஊற்றலாம். குளத்திலோ ஓடையிலோ ஊற்றக் கூடாது.

கடைசியாக ஒன்று. இந்தச் சில மாதங்களில் இந்தத் தொட்டியிலிருந்து நண்பர் யாருக்காவது மீனோ குட்டிகளோ செடியோ கொடுத்திருந்தால், சோதனை முடிவு வரும் வரை காத்திருக்காமல் அவர்களிடம் சொல்லிவிடுங்கள். நோய் உறுதியாகாவிட்டாலும் அவர்கள் மீனைத் தனித்தொட்டியில் வைத்துக் கவனிப்பதால் இழப்பொன்றும் இல்லை. உறுதியானால், அவர்கள் கையில் ஒரு கட்டி கிளம்பும்போது மருத்துவரிடம் என்ன சொல்ல வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.